ஒரே பிப்ரவரி… அங்கே திருவிழா, இங்கே பூட்டு! தெரியுமா?

சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகும் வழியில் மார்க்கையன்கோட்டை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல், தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்குத் தெரிவது மலை. ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் கேரள எல்லையில் ஏலமலை. இந்த மலைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? டி.வி.யைப் போட்டு, ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் ஓடும் வில்டபீஸ்ட் கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம்! "செத்தா ஒரு தடவை அதைப் பார்த்துட்டுத்தான் சாகணும்" என்கிறோம்.

பார்க்கலாம், தப்பே இல்லை. ஆனால் எந்த மாதம் போவது? அங்கே போய் எதைப் பார்ப்பது, ஆற்றைத் தாண்டுவதையா, கன்று போடுவதையா? அதே மாதத்தில் நம் ஊர் மலையில் என்ன நடக்கிறது? தெரிந்துகொண்டு கிளம்பினால் காசும் மிச்சம், ஏமாற்றமும் இல்லை. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

நிமிஷத்துக்கு 5 கன்று… தெரியுமா?

டான்சானியா நாட்டின் செரெங்கெட்டியும் கென்யாவின் மசாய் மாராவும் ஒட்டிக்கிடக்கும் புல்வெளிகள். இங்கே சுற்றும் வில்டபீஸ்ட்டுகள் மட்டும் 13 லட்சத்துக்கு மேல்! கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், சிறு மான்கள். மழை பெய்யும் பக்கம் புல் முளைக்கும், புல் முளைக்கும் பக்கம் கூட்டம் நகரும். வருஷம் முழுக்க இப்படியே ஒரு பெரிய வட்டம்.

இந்தக் கூட்டம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்குச் செரெங்கெட்டியிலும் அதை ஒட்டிய நிடுட்டு சமவெளியிலும் தங்கும். அங்கேதான் கன்று ஈனும். மூன்று வார இடைவெளிக்குள் சினை வில்டபீஸ்ட்டுகளில் பெரும்பகுதி ஈன்று முடித்துவிடும். மொத்தம் சுமார் 5 லட்சம் கன்றுகள்! உச்சமான நாட்களில் ஒரு நாளைக்கு 8,000க்கும் மேல் என்று கணக்கு. வகுத்துப் பாருங்கள், நிமிஷத்துக்கு 5 கன்றுக்கும் மேல்!

பிறந்த ஏழாவது நிமிஷம் நாலு காலில்… தெரியுமா?

பெரும்பாலான கன்றுகள் பிறப்பது முற்பகலில். இருட்டுவதற்குள் காலில் பலம் ஏறிவிட வேண்டும், அதுதான் காரணம். தாய் ஒருக்களித்துப் படுக்கிறது. முதலில் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் தெரிகின்றன, அப்புறம் மூக்கு. இந்தக் கட்டத்தில் பக்கத்தில் கழுதைப்புலி தலைகாட்டினால் தாய் எழுந்து ஓடிவிடும். கன்றின் தலை முழுதாக வெளியே வரும்வரை பிரசவத்தையே நிறுத்திவைக்க வில்டபீஸ்ட்டால் முடியும்!

கன்று தரையில் விழுந்ததும் தாய் நக்குகிறது. கன்று எழ முயல்கிறது, மூக்கு மண்ணில் குத்துகிறது. மறுபடி எழுகிறது, பின்னங்கால் விலகிக்கொள்கிறது. மறுபடியும்! சராசரியாக ஆறேழு நிமிஷத்தில் நாலு காலில் நின்றுவிடுகிறது. மடியைத் தேடிச் சீம்பால் குடிக்கிறது. தாய்க்கு இன்னும் நஞ்சு விழாமல் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும், அதற்குள் கன்று பக்கத்திலேயே ஓட ஆரம்பித்துவிடும். நம் தொழுவத்தில் கன்று போட்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எப்பேர்ப்பட்ட வேகம் என்று!

ஒரு ஆபத்தும் உண்டு. பிறந்த புதிதில் கன்றுக்குத் தாய் எது என்று மனசில் பதிவதற்கு முன்னால், அசைகிற எதையும் அது பின்தொடரும். தாயைத் தவறவிட்ட கன்று சஃபாரி ஜீப்புக்குப் பின்னால் ஓடும், கழுதைப்புலிக்குப் பின்னால்கூட ஓடும்! ஆகவே கன்று போடும் இடத்தில் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றால், அவர் விஷயம் தெரிந்த டிரைவர். "இன்னும் கிட்டப் போங்க" என்று நாம் அவரை அவசரப்படுத்தக் கூடாது.

எல்லாம் ஏன் ஒரே சமயத்தில்… தெரியுமா?

சிங்கம், கழுதைப்புலி, சிவிங்கிப்புலி எல்லாம் சுற்றி நிற்கும்போது இத்தனை கன்றும் ஒன்றாகப் பிறப்பது முட்டாள்தனம் போலத் தோன்றும். நிஜத்தில் இது பக்காக் கணக்கு. எத்தனை சிங்கம் இருந்தாலும் ஒரு நாளைக்கு அது தின்பது ஒரு வயிறுதானே? வருஷம் முழுக்க ஒவ்வொன்றாகப் பிறந்தால் ஒவ்வொன்றாகவே தின்று தீர்த்துவிடும். மூன்று வாரத்தில் லட்சக்கணக்கில் வந்து விழுந்தால், தின்றது போக மிச்சம் ஏராளம். கூட்டத்துக்கு முன்னாலோ பின்னாலோ தனியாகப் பிறக்கிற கன்றுதான் முதலில் போகும்.

அந்த இடத்தைத் தேர்ந்ததிலும் கணக்கு இருக்கிறது. நிடுட்டுப் பக்கம் மண்ணே எரிமலைச் சாம்பல். ஓல் டொய்ன்யோ லெங்காய் முதலான எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைந்த குட்டைப் புல் அங்கே முளைக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு வேறென்ன வேண்டும்? புல் குட்டை என்பதால் பதுங்கி வரும் பகைவனும் தூரத்திலேயே தெரிந்துவிடுவான்!

அதே நாட்களில் ராஜமலையில் பூட்டு… தெரியுமா?

இப்போது ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு நம் மலைக்கு வாருங்கள். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, தேவிகுளம் தாண்டினால் மூணாறு. அங்கிருந்து மறையூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இரவிகுளம் தேசியப் பூங்கா. அதன் சுற்றுலாப் பகுதிதான் ராஜமலை. 97 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அதற்குள்தான் இருக்கிறது. உலகத்திலேயே வரையாடுகள் அதிகமாகக் கூடிவாழும் இடம் இதுதான்.

வரையாடு இணைசேர்வது ஆடி, ஆவணி மழையில். சினைக்காலம் சுமார் ஆறு மாதம். ஆக, குட்டி விழுவது தை, மாசியில்! நிடுட்டுவில் கன்றுகள் விழும் அதே நாட்கள்!

அங்கே கன்று போடும் மாதம்தான் சீசன். விடுதிகளில் இடம் கிடைக்காது, விமானம் விமானமாக ஆள் வந்து இறங்கும். இங்கே? குட்டி போடும் மாதம்தான் பூட்டு! கேரள வனத்துறை வருஷாவருஷம் பொதுவாகப் பிப்ரவரி 1 முதல் மார்ச் 31 வரை இரவிகுளத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அடைத்துவிடுகிறது. யார் வந்து நின்றாலும் கதவு திறக்காது!

ஏன் இந்த வித்தியாசம்? அங்கே பிறப்பது லட்சங்களில், அந்தச் சமவெளி கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் பரந்தது. இங்கே உலகத்தில் உள்ள வரையாடு மொத்தமே சில ஆயிரம். பெரும்பாலும் ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி. பாறை விளிம்பில் நிற்கும் தாய் மிரண்டு ஓடினால் ஒரு நாள் வயசுக் குட்டி என்ன செய்யும்? வில்டபீஸ்ட்டுக்குக் காவல் கூட்டம், வரையாட்டுக்குக் காவல் பாறை. செந்நாயும் சிறுத்தையும் ஏறமுடியாத செங்குத்தில் அது நிம்மதியாக நிற்க வேண்டும். அந்த நிம்மதிக்குத்தான் இரண்டு மாதப் பூட்டு.

வரையாடு வெள்ளாட்டுக்கு உறவா, செம்மறிக்கு உறவா… தெரியுமா?

பெயரில் ஆடு, பார்க்க வெள்ளாடு, பாறை ஏறுவதிலும் வெள்ளாடு. ஆனால் 2005இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது வேறு. வரையாடு செம்மறி இனத்துக்குத்தான் நெருங்கிய உறவு! அதுவரை இமயமலைத் தார் என்ற காட்டாட்டுக்கு இதைப் பங்காளி என்று ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். ஆய்வுக்குப் பிறகு தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள்.

இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். மாட்டு முகமும் தாடியும் கொம்புமாக நிற்கும் அந்த வில்டபீஸ்ட் நம் மாட்டுக்கு நெருங்கிய உறவு இல்லை! அது மான் வகை. மாட்டைவிட ஆடுகளுக்குத்தான் அதன் மரபுவழி நெருக்கம். நம் மேகமலை வரையாடும் செரெங்கெட்டி வில்டபீஸ்ட்டும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம், மாடு அதற்கும் தூரம்!

சிங்கத்தைப் படித்த அதே ஆள் வரையாட்டையும் படித்தார்… தெரியுமா?

ஜார்ஜ் ஷாலர் என்ற விலங்கியலாளர் 1966 முதல் செரெங்கெட்டியிலேயே தங்கிச் சிங்கங்களை ஆராய்ந்தார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்துக்கு 1973இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது கிடைத்தது. அந்த வேலையை முடித்த கையோடு 1969இல் அவர் எங்கே வந்தார் தெரியுமா? நம் பக்கத்து இரவிகுளத்துக்கு! வரையாட்டைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரைதான் பின்னால் வந்த பலருக்கும் முதல் படி.

அவருக்குப் பிறகு கிளிஃபோர்ட் ரைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வந்தார். வரையாட்டிடம் நெருங்குவதற்கு அவர் பிடித்த வழி உப்பு! உப்பைக் காட்டிக் காட்டியே பழக்கினார். இன்றைக்கும் ராஜமலையில் வரையாடு மனிதரைக் கண்டு மிரளாமல் நிற்கிறது. அதற்காக நீங்கள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள். தீனி கொடுப்பது அங்கே குற்றம்.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் ஒருவர் உண்டு. ஈ.ஆர்.சி. டேவிதார் 1975இல் வரையாடுகளைப் பற்றி முன்னோடியான கணக்கெடுப்பும் ஆய்வும் செய்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7ஆம் தேதியை வரையாடு தினமாகத் தமிழ்நாடு கொண்டாடுகிறது. வரையாடு நம் மாநில விலங்கு என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் காப்பதற்கென்றே 25.14 கோடி ரூபாயில் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று 2022இல் அறிவிக்கப்பட்டது எத்தனை பேருக்குத் தெரியும்?

வெக்கை நோய்க்கும் வில்டபீஸ்ட்டுக்கும் என்ன சம்பந்தம்… தெரியுமா?

நம் ஊர்ப் பெரியவர்களிடம் வெக்கை நோய் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். அன்றெல்லாம் அது ஒரு தொழுவத்தில் நுழைந்தால் ஊர் மாடு முழுக்கப் போய்விடும். இந்த நோய் 1887 வாக்கில் ஆப்பிரிக்காவின் எரித்ரியாவில் இறங்கியது. இத்தாலியப் படைக்காகக் கொண்டுபோன இந்திய மாடுகளோடு அது போய்ச் சேர்ந்தது என்பதுதான் வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்வது! பத்து வருஷத்துக்குள் கண்டத்தின் தென்கோடி வரை மாடு, எருமை, வில்டபீஸ்ட் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டியது. மாட்டையே நம்பி வாழ்ந்த மசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள்.

மருந்தும் இந்தியாவிலிருந்து ஒரு படி ஏறியது! 1920களில் இமயமலைப் பக்கத்து முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி, வெள்ளாட்டின் உடம்பில் கிருமியை மாற்றி மாற்றிச் செலுத்தி வீரியம் குறைத்து ஒரு தடுப்பூசி உருவாக்கினார். பிறகு கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் அதைவிடப் பாதுகாப்பான தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். செரெங்கெட்டியைச் சுற்றியுள்ள மாடுகளுக்கு ஊசி போட்டதும் காட்டு வில்டபீஸ்ட்டுகளும் தப்பின. 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த கூட்டம் 1977க்குள் 13 லட்சத்தைத் தொட்டது!

2011இல் உலகமே வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் பூமியிலிருந்து முழுசாக ஒழித்த இரண்டாவது நோய் இது. இன்று டி.வி.யில் நாம் பார்க்கும் பிரம்மாண்டக் கூட்டத்துக்குப் பின்னால் நாட்டு மாட்டுக்குப் போட்ட ஊசி இருக்கிறது!

ஆற்றைத் தாண்டும்போது எத்தனை சாகும்… தெரியுமா?

டி.வி.யில் முதலை வாயைத் திறக்கும் காட்சி இருக்கிறதே, அது மாரா ஆறு. அந்தக் காட்சிக்குப் பிப்ரவரியில் போனால் ஒன்றும் கிடையாது. அதற்கு ஜூலை முதல் அக்டோபர் வரை போக வேண்டும். வருஷத்துக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட்டுகள் அந்த ஆற்றில் மூழ்கிச் சாகின்றன என்று 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. பத்து நீலத்திமிங்கில எடைக்குச் சமமான இறைச்சி! முதலைக்குக் கொஞ்சம், கழுகுக்குக் கொஞ்சம், மீனுக்குக் கொஞ்சம். எலும்பு மட்டும் பல வருஷம் கரைந்து கரைந்து ஆற்றுக்கே உரமாகிறது.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். கன்று போடுவதும் ஆறு தாண்டுவதும் ஒரே பயணத்தில் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு மாதம், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்! கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் எந்த மாதம் திறக்கும் என்பதை வைத்துத்தானே 14,707 ஏக்கரில் நாற்றங்கால் போடுகிறோம்? வில்டபீஸ்ட்டுக்கும் அப்படி ஒரு தண்ணீர்க் கணக்கு. மழை முந்தினால் கூட்டம் முந்தும், மழை தவறினால் கூட்டமும் தவறும்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து நிடுட்டு போவது எப்படி… தெரியுமா?

மலைக்கவேண்டாம். கொச்சியில் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறினால் டான்சானியாவின் கிளிமஞ்சாரோ விமான நிலையம். பக்கத்தில் அருஷா என்ற ஊர், சஃபாரி வண்டிகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். கூரையைத் தூக்கி நின்று பார்க்கிற லேண்ட் குரூசர் ஜீப், டிரைவரே வழிகாட்டி. கன்று போடும் சீசன் என்றால் செரெங்கெட்டி நடுப்பகுதியில் அறை எடுக்காதீர்கள். நிடுட்டுப் பக்கம் தங்கினால்தான் விடியலில் கூட்டத்துக்குள் இருக்கலாம்.

டான்சானியாவுக்கு இ-விசா. கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா என்ற பெயரே இல்லை, இணையத்தில் முன் அனுமதி வாங்கினால் போதும். மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024இல் உயர்த்தினார்கள். கூட்டம் வரும் மாதத்தில் கட்டணம் இரட்டிப்பு!

மறக்கக் கூடாத ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவில் கால் வைத்துத் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே சான்று கேட்பார்கள். இல்லையென்றால் தனிமையில் உட்காரவேண்டி வரும். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

வரையாட்டுக் குட்டியைப் பார்க்கச் சரியான நாள் எது… தெரியுமா?

முழுப்பரீட்சை லீவு! ஏப்ரல் 1 வாக்கில் இரவிகுளம் திறக்கும்போது தை மாதக் குட்டிக்கு ஏறக்குறைய இரண்டு மாத வயசு. துள்ளும் பருவம். காலையிலேயே கிளம்பி, போடி வந்து, 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மதியத்துக்குள் மூணாறு. அன்று அங்கே தங்கி, மறுநாள் காலை முதல் ஆளாகப் போங்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். உங்கள் காரை உள்ளே விடமாட்டார்கள், வனத்துறை பஸ்ஸில்தான் ராஜமலைக்குப் போக முடியும்.

இறங்கி நடந்தால் ரோட்டோரமே புல் மேயும் பெட்டைகள். பின்னால் வளைந்த கொம்பு, சாம்பல் கலந்த பழுப்பு நிறம். பக்கத்துப் பாறையில் நாலைந்து குட்டிகள். ஒன்று ஏறி நிற்கும், இன்னொன்று முட்டித் தள்ளும், தள்ளியது ஏறிக்கொள்ளும். ஒரு தாய் தலையைத் தூக்கினால் அத்தனை குட்டியும் அப்படியே சிலைபோல நிற்கும். மேலே விளிம்பில் தனியாகக் கருத்த உடம்போடு ஒரு கிடாய், முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல வெள்ளி நிறம். வயசேற ஏறத்தான் அந்த வெள்ளி தெளிவாகும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்கிறீர்களா? சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச்சாவடி தாண்டினால் மேகமலை. 18 கொண்டை ஊசி வளைவுக்கும் பூப்பெயர் வைத்திருக்கிறார்கள். 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் 1,016 சதுர கிலோமீட்டர், இந்தியாவின் 51ஆவது புலிகள் காப்பகம். அதன் உச்சிப் புல்வெளிகளிலும் வரையாடு உண்டு. ஆனால் அது ராஜமலை மாதிரி பழகியது இல்லை. ரோட்டிலிருந்து கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் காட்டுக்குள் இறங்கித் தேடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் சோதனைச்சாவடிக்குத் திரும்பிவிட வேண்டும்.

எப்படி எண்ணுகிறார்கள்… தெரியுமா?

1958இல் பெர்னார்ட் கிரிசிமெக் என்ற ஜெர்மானியரும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு தீட்டிய சின்ன விமானத்தில் செரெங்கெட்டி மேல் பறந்து பறந்து விலங்குகளை எண்ணினார்கள். அடுத்த ஜனவரியில் அதே விமானம் விழுந்து மகன் இறந்தார். அவர்கள் எடுத்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

வரையாட்டை எண்ண விமானம் உதவாது. மழையிலும் மேகத்திலும் காலால் ஏறி, தொலைநோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போன ஆட்டை இரண்டு தடவை எண்ணிவிடாமல் இருக்க, 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணின. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365. மொத்தம் 2,668! உலகத்தில் உள்ள அத்தனை காட்டு வரையாடும் இவ்வளவுதான். நிடுட்டுவில் ஒரு காலைப்பொழுதில் பிறக்கும் கன்றுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரவிகுளம் கதவு ஏன் பூட்டப்படுகிறது என்று புரியும்.

நம் ஊரிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் பறக்கும் ஆள் யார்… தெரியுமா?

தட்டான்! ஐப்பசி மழைக்கு முன்னால் வயல் மேல் தாழப் பறக்குமே, அதில் ஒரு மஞ்சள் இனம். சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் மாலத்தீவில் வருஷாவருஷம் அக்டோபரில் தட்டான் கூட்டம் வந்து இறங்குவதைக் கவனித்தார். அங்கே அவை முட்டையிடத் தோதான நன்னீர்க் குளமே அரிது. அப்படியானால் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன? இந்தியாவிலிருந்து கிளம்பி, காற்றோடு இந்தியப் பெருங்கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போகின்றன என்று 2009இல் எழுதினார். போகவர 14,000 முதல் 18,000 கிலோமீட்டர், நாலு தலைமுறையாக முறை வைத்துப் பயணம் என்பது அவர் கணக்கு. விசாவும் இல்லை, ஊசியும் இல்லை!

நாலு காலில் எல்லை தாண்டி வந்தவரும் உண்டு. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன் யானை, மேகமலையைச் சுற்றி, மே 27 அன்று கம்பம் டவுன் தெருவிலேயே ஓடியது! ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். மனிதர் கோடு போட்டு மாநிலம் பிரித்தது யானைக்குத் தெரியாது.

எந்த மாதம் எங்கே? நறுக்கென்று ஒரு நாட்காட்டி!

ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை: நிடுட்டுவில் வில்டபீஸ்ட் கன்றுகள். இரவிகுளம் பக்கம் போகாதீர்கள்.

ஏப்ரல், மே: ராஜமலையில் வரையாட்டுக் குட்டிகள். செரெங்கெட்டியில் பெருமழைக் காலம், சேற்றில் வண்டி மாட்டும்.

ஜூலை முதல் அக்டோபர்: மாரா ஆற்றைத் தாண்டும் கூட்டம். கட்டணமும் உச்சம்.

ஆகஸ்ட், செப்டம்பர்: பக்கத்திலேயே இலங்கையின் மின்னேரியா. மகாசேன மன்னன் வெட்டிய ஏரி வற்றி, பசும்புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் ஒன்றுகூடும். ஆப்பிரிக்கா போகிற செலவில் சிறு பங்குதான் ஆகும்.

அக்டோபர்: எங்கேயும் போக வேண்டாம். நம் வயல் வரப்பில் நின்று தட்டானைப் பாருங்கள்.

2030: இரவிகுளத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி. 2018க்குப் பிறகு அடுத்த முறை!

ஆக, இடத்தை முடிவு செய்வதற்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். காசு சேர்த்து ஆப்பிரிக்கா போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், என்ஜினை அணைத்துத் தள்ளி நின்று பாருங்கள். போக முடியாதவர்கள் வருத்தப்படவும் வேண்டாம். ஒரே ஒரு வேண்டுகோள்தான். தை, மாசியில் மூணாறு போகிறவர்கள் "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கோம், அஞ்சு நிமிஷம் விடுங்க" என்று இரவிகுளம் கேட்டில் நின்று காவலரிடம் மல்லுக்கட்டாதீர்கள். ஏப்ரல் வரை பொறுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவு திறந்திருக்கும், குட்டிகளும் ரோட்டோரமே நிற்கும்.